காக்கியைக் கழற்றியவரை வளாகக் காவலுக்கு எடுக்கும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக, கல்லூரி வளாகங்களில் அனுபவமுள்ள போலீஸாரைக் காவலுக்குப் போட வேண்டும் என்ற பேச்சு, 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் பலமாக அடிபடுகிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம், கீழக்கரையில் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும், ராமேஸ்வரத்தில் அரசுக் கல்லூரி என்று ராமநாதபுரம் கடலோரத்திலும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து படிக்கும் இடங்கள் உண்டு. நிர்வாகக் கூட்டங்களில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரிட்டயர்டு எஸ்.ஐ. ஒருத்தரைப் போட்டா பசங்க அடங்கிடுவாங்க." அதற்காகத்தான் எடுப்பதென்றால் எடுக்காமல் இருப்பதே மேல். முப்பது வருடம் ஸ்டேஷனில் இருந்தவரிடம் வளாகத்துக்கு உதவக்கூடியவை இரண்டு. பார்த்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் பழக்கம் ஒன்று. எப்போது தாமே கையாளலாம், எப்போது போனை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது மற்றொன்று. இந்த இரண்டும் யாரிடம் இருக்கின்றன என்று பார்த்து எடுப்பது எப்படி என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் அதிகாரம். அமெரிக்காவில் 1894-லேயே யேல் பல்கலைக்கழகம் நியூ ஹேவன் நகரப் போலீஸிலிருந்து இரண்டு காவலர்களைத் தன் வளாகத்துக்கு எடுத்துக்கொண்டது. இன்று அங்கே பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் போலீஸே இருக்கிறது. கைது செய்யும் அதிகாரமும் உண்டு. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே ஆள் எடுக்கக் கூடாது. ஓய்வுபெற்ற மறுநாள் முதல் ஒரு ஆய்வாளருக்கும் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் சட்டத்தின் முன் வித்தியாசம் கிடையாது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-ஆம் பிரிவின்படி, ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைத் தன் கண்முன் செய்பவரை எவரும் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு மேல் மாணவனை அறையில் உட்காரவைத்து விசாரிப்பது, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது, செல்போனைப் பிடுங்கி வாட்ஸ்அப்பைப் புரட்டுவது எதற்கும் அவருக்கு உரிமை இல்லை. பழக்கதோஷத்தில் அவர் கை முதலில் போவது இவற்றுக்குத்தான் என்பதால், பணி ஆணையிலேயே இவற்றை வரிவரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

உடையும் அப்படித்தான். ஏஜென்சி மூலம் வருபவர் போலீஸ் சீருடையையோ அதைப் போலத் தோன்றும் உடையையோ போட்டால், 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். காக்கி பேன்ட், பிரவுன் ஷூ, தோளில் ஒரு பட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய உருவம் திரும்பி வரும், விட்டுவிடாதீர்கள். சாம்பல் நிறச் சட்டையும், பத்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி தமிழில் எழுதிய பெயர் அட்டையும் போதும். கையில் லத்தி வேண்டாம், டார்ச்சும் விசிலும் வேண்டும்.

அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ராணுவத்திலும் போலீஸிலும் இருந்தவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. காவலாளிக்கு வயது 65-ஐ எட்டியிருக்கக் கூடாது என்கிறது. பயிற்சிக்கு மத்திய மாதிரி விதிகளில் கணக்கு உண்டு. புதியவருக்கு வகுப்பு 100 மணி நேரமும் களம் 60 மணி நேரமுமாகக் குறைந்தது 20 வேலை நாள். முன்னாள் போலீஸாருக்கு 40 மணி நேரமும் 16 மணி நேரமுமாக 7 வேலை நாள். அனுபவசாலிதானே என்று இந்த ஏழு நாளை எந்த ஏஜென்சியும் காகிதத்தில் முடித்துவிட இடம் கொடுக்காதீர்கள். போலீஸாக இருந்ததை மறக்கவைப்பதற்கே அந்த ஏழு நாள் தேவைப்படுகிறது.

'போலீஸில் இருந்தவர்' என்று எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்று கேளுங்கள். நிலைய எழுத்தராக இருந்தவர் கட்டுப்பாட்டு அறைக்குப் பொன் போன்றவர். போக்குவரத்தில் இருந்தவரைக் காலை 8 முதல் 10 வரை கேட்டில் நிறுத்தலாம்; கல்லூரிப் பஸ்ஸும் பைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்து திரும்பும் இடத்தில் அவர் அருமை தெரியும். உளவுத் தகவல் திரட்டும் தனிப்பிரிவில் இருந்தவருக்கு ஊரில் யார் யார் என்று தெரியும். அது நன்மையும் தொல்லையும் சேர்ந்தது. ஆயுதப்படையிலேயே காலத்தைக் கழித்தவர் ரோந்துக்கு உரம், ஆனால் மனுதாரரிடம் பேசிப் பழகியிருக்க மாட்டார். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் இருந்தவர் கிடைத்தால் கடல் பக்கத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள். மகளிர் காவல் நிலையத்தில் இருந்தவரைத்தான் மாணவியர் விடுதிக்கும் புகார்க் குழுவுக்கும் நடுவில் வைக்க வேண்டும். தமிழகப் போலீஸில் பெண்கள் சேர்ந்தது 1973-ல், முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது 1992-ல். ஆகவே ஓய்வுபெற்ற பெண் போலீஸார் எண்ணிக்கை ஆண்களைவிடக் குறைவு. சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்தாவது பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான்.

சரிபார்ப்பில் பெரும்பாலும் கோட்டைவிடுவது ஓய்வு ஆணையை. வயது முதிர்ந்து ஓய்வா, விருப்ப ஓய்வா, கட்டாய ஓய்வா என்று அதில் தெரியும். ஓய்வூதியக் கொடுப்பாணையையும் பாருங்கள். ஓய்வுபெற்று ஒரு வருடம் கழித்தும் தற்காலிக ஓய்வூதியம்தான் வாங்குகிறார் என்றால் பெரும்பாலும் ஏதோ விசாரணை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். '3(பி)' என்னும் கடுமையான துறை நடவடிக்கை ஏதும் வந்ததா, முடிவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். போலீஸாருக்கு அந்த எண்ணைச் சொன்னாலே புரியும். லஞ்ச வழக்கு, காவல் மரணம், பெண்கள் கொடுத்த புகார் மூன்றில் எதில் பெயர் அடிபட்டிருந்தாலும் அடுத்தவரைப் பாருங்கள். நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். அதை வாங்குவது எப்படி என்று தெரிந்தவரிடம்தான் நீங்கள் அதைக் கேட்கிறீர்கள்.

நேர்காணலில் எத்தனை ரவுடியைப் பிடித்தீர்கள் என்று கேட்டால் மணிக்கணக்கில் கதை வரும். அதற்குப் பதில் மூன்று நிலைமைகளைச் சொல்லி, முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இரவு பதினொன்றரைக்கு ஒரு மாணவி அழுதுகொண்டு கேட்டுக்கு வருகிறாள், கூட ஒரு பையன். உள்ளூர்ப் பிரமுகரின் மகன் அடையாள அட்டை இல்லாமல் பைக்கை உள்ளே விடச் சொல்கிறான். விடுதியில் இரண்டு தரப்புக்குள் கைகலப்பு, ஒரு தரப்புக்கு வெளியிலிருந்து ஆள் வரப்போவதாகத் தகவல். முதல் கேள்விக்கு "உட்காரம்மா, தண்ணி குடி, மேடத்தைக் கூப்பிடறேன்" என்று தொடங்குபவர் வேண்டும். "இந்நேரத்துல உனக்கு அங்க என்ன வேலை" என்று தொடங்குபவரை அனுப்பிவிடுங்கள். மூன்றாவது கேள்வியில் எந்தச் சாதி என்று முதலில் விசாரிப்பவரையும் அனுப்பிவிடுங்கள். இந்த மாவட்டத்தில் கேட்டில் நிற்பவரின் சொந்தபந்தம் எந்தப் பக்கம் என்று மாணவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வளாகத்தை ஒட்டிய ஊர்க்காரரைக் கேட்டில் போடாமல், இருபது கிலோமீட்டராவது தள்ளியிருப்பவரைப் போடுவது நல்லது.

உடல் தகுதியை இரவில் சோதியுங்கள். பகலில் நன்றாக இருப்பவருக்கு இரவில் வண்டி எண் தெரியாது. சர்க்கரையும் முழங்கால் வலியும் அந்த வயதில் சகஜம்; அதற்காகத் தள்ள வேண்டியதில்லை, ரோந்தில் போடாமல் மானிட்டர் முன் உட்காரவைக்கலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்பது மாதிரி விதிகளிலேயே இருக்கிறது.

எத்தனை பேர் என்பதில்தான் டெண்டர்கள் தவறிப்போகின்றன. ஒரு கேட்டை நாள் முழுக்கப் பார்க்க மூன்று ஷிஃப்டு, ஆகவே மூன்று பேர் என்று போட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு 1,095 ஷிஃப்டு. வார விடுமுறை, பண்டிகை, தற்செயல் விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் கழித்தால் ஒருவர் பார்க்கக்கூடியது சுமார் 280. வகுத்தால் ஏறக்குறைய நான்கு. மூன்று பேரை வைத்து ஓட்டினால் யாராவது ஒருவர் எப்போதும் 16 மணி நேரம் நிற்பார். அறுபது வயதுக்காரர் அதிகாலை இரண்டு மணிக்குத் தூங்கிப்போவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு கேட்டும் ஒரு ரோந்தும் என்றால் 12 பேர், அதற்கு மேல் ஷிஃப்டு மேற்பார்வைக்கு ஆள். பன்னிரண்டு பேரும் முன்னாள் போலீஸாராக இருக்க வேண்டியதே இல்லை. மேற்பார்வையும் எழுத்தும் விடுதியும் அவர்களிடம் இருக்கட்டும். கேட்டுக்கும் ரோந்துக்கும் முன்னாள் படைவீரர்கள் போதும். அரசு நிறுவனங்களுக்கு டெக்ஸ்கோ என்னும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் வழியாக அவர்கள் கிடைக்கிறார்கள்.

இனி எழுத்து. எந்தக் கல்லூரியிலும் கேட் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 'ஆட்டோ - 1', 'விருந்தாளி - ஹாஸ்டல்', 'கொரியர்' என்று வரிசையாகப் போகும். உள்ளே வந்த நேரம் இருக்கும். வெளியே போன நேரத்துக்கான கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாகக் கிடக்கும். எழுத்தராக இருந்தவர் முதல் நாளே அந்தக் காலிக் கட்டத்தைத்தான் கேட்பார். இரவு 9 மணிக்கு 'வந்தது 41, போனது 39, உள்ளே 2' என்று கணக்கை முடித்து, அந்த இரண்டு பேர் எங்கே என்று ஆள் அனுப்புவார். வெளியாள் ஒருவன் உள்ளே தங்கிவிடுவதைத் தடுக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. ரோந்துக்கு, ஏ.டி.எம்.களில் போலீஸார் கையெழுத்துப் போடுவது போலப் பட்டா புத்தகம் என்னும் ரோந்துக் கையெழுத்து நோட்டை இந்த இடங்களில் வையுங்கள்: ஆய்வகத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டி, விடுதியின் பின் சுவர், ஜெனரேட்டர் அறை, கடல் பக்க வேலி. பதினொரு மணிச் சுற்றிலேயே அதிகாலை நான்கு மணி வரைக்கும் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவது பழைய வித்தை. வித்தை தெரிந்தவர்களையே சரிபார்க்க வைத்தால் அது நின்றுவிடும்.

அந்த நோட்டில் எழுதக் கூடாதது ஒன்று உண்டு. பாலியல் புகார் என்றால் மாணவியின் பெயரோ துறையோ கேட் நோட்டிலும் வாக்கி டாக்கியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வரவே கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கை கசிந்ததற்காகவே சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. முதலாண்டு மாணவியருக்குப் பலநேரம் 17 வயதுதான் ஆகியிருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்படியானால் அது சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வரும். அதன் 19-ஆம் பிரிவின்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், உள் புகார்க் குழு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. 18 நிறைந்தவர் என்றால் போலீஸுக்குப் போவதா, குழுவுக்குப் போவதா, இரண்டுக்குமா என்பது அவர் முடிவு. இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சமாதானம் பேசும் பழைய ஸ்டேஷன் பஞ்சாயத்து இங்கே அறவே கூடாது. எல்லை எங்கள் ஸ்டேஷனா அடுத்த ஸ்டேஷனா என்ற வாதமும் தேவையில்லை. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் கூடப் போனால் அலைச்சல் மிச்சம். நிலைய எழுத்தராக இருந்தவர்களிடம், கொடுப்பது எஃப்.ஐ.ஆரா, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதா என்று பார்த்து வாங்கும் கண் இருக்கும். அதற்கே பாதிச் சம்பளம் தகும்.

கேமரா விஷயத்தில் கணக்குப் போடாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளைக்கு 21.6 ஜி.பி. பதினாறு கேமராவுக்கு நாளைக்கு 345 ஜி.பி.க்கு மேல். 4 டி.பி. ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதன் மேல் எழுதத் தொடங்கிவிடும். பாலியல் துன்புறுத்தல் புகாரைச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கலாம் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். புகார் வரும்போது படம் இருக்காது. முப்பது நாளாவது நிற்க 12 டி.பி. வேண்டும், புகார் வந்த நாளிலேயே பதிவைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். எடுத்தவர் யார், எந்த இயந்திரம், ரெக்கார்டர் கடிகாரம் நிஜ நேரத்துக்கு எத்தனை நிமிடம் முன்பின் என்று குறித்து, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழை, பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணோடு சேர்க்காவிட்டால் நீதிமன்றத்தில் அந்தப் பதிவு நிற்பது கஷ்டம். கடிகாரம் ஏழு நிமிடம் தப்பி ஓடியதை வைத்தே எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியைக் கலைத்துவிடுவார்.

கடற்கரை என்பதால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. உப்புக் காற்றில் கேமரா கனெக்டரின் செம்பு முள் பச்சை பூத்துவிடும். குவிமாடக் கண்ணாடியில் படியும் உப்பு பகலில் தெரியாது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெள்ளைப் புகையாகக் காட்டும். யாரும் இரவுப் படத்தைப் பார்ப்பதில்லை என்பதால் மாதக்கணக்கில் இது தெரியாமலே போகும். குவிமாடம் தவிர்த்து புல்லட் வகை வாங்குங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடையுங்கள். கனெக்டரைப் பெட்டிக்குள் வையுங்கள். வாடைக் காலத்தில் மின்சாரம் போனால் கேமராவோடு சேர்ந்து நெட்வொர்க் ஸ்விட்சும் படுத்துவிடும். யு.பி.எஸ். இணைப்பை ரெக்கார்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஸ்விட்சை மறந்துவிடுவது வழக்கமான தவறு.

கடல் பக்கம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளால், நினைத்த இடத்தில் மதில் எழுப்ப முடியாது. முள்வேலி போட்டாலும் சீமைக்கருவேலம் இரண்டு மழையில் அதை மூடிவிடும். வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் பத்தடிக்கு வெட்டி வைத்தால்தான் டார்ச் வெளிச்சம் போகும். இரவில் விளக்கில்லாமல் வள்ளம் ஒதுங்குவதைக் காவலாளி பார்த்தால் கிட்டே போகக் கூடாது. கஞ்சாவும் கடல் அட்டையும் போய்வரும் கரை இது. நேரம், திசை, எத்தனை பேர், வேனா பைக்கா என்று குறித்துக்கொண்டு 1093-ல் கடலோரப் போலீஸுக்குச் சொல்லிவிட்டு விளக்கடியில் வந்து நிற்க வேண்டும். தாமே பிடித்துக் காட்ட நினைக்கும் முன்னாள் வீரர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

உள்ளூர் ஸ்டேஷனை நம்ப முடியாத நாட்களும் உண்டு. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை என்று மாவட்டப் போலீஸ் முழுக்க பந்தோபஸ்துக்குப் போயிருக்கும். ஸ்டேஷனில் பாரா நிற்க ஆள் இருந்தால் அதிகம். அந்த வாரங்களில் வளாகத்தில் யாருக்கும் விடுப்பு இல்லை என்று செப்டம்பர் தொடக்கத்திலேயே ஷிஃப்டு அட்டவணையை ஒட்டிவிட வேண்டும். விடுதி விழா, விளையாட்டுப் போட்டி எதையும் அந்த நாட்களில் வைக்காமல் இருப்பது இன்னும் எளிது.

விளம்பரம் கொடுக்கும் நேரமும் முக்கியம். கல்லூரி திறக்கும் ஜூனில்தான் ஆள் தேடுகிறார்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி பலருக்கும் மே, ஜூனில்தான் இருக்கும். ஆகவே மே 31-லும் ஜூன் 30-லும் ஓய்வுபெறுபவர்கள் நிறைய. மார்ச் மாதமே மாவட்டக் காவல் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் இதுபோன்ற நாளிதழிலும் கொடுத்தால், சரிபார்ப்புக்கும் அந்த ஏழு நாள் பயிற்சிக்கும் நேரம் இருக்கும். ஜூலைக்கு மேல் தேடினால், மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவலர்களும் கல்லூரி அலுவலகப் பணியாளர்களும் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம்.